முலெங்கா மெல்லாமல் விழுங்கிய படலம்

செம்பு விளையும் சாம்பியத் திருநாட்டிலே பிறந்து, பொன் விளையும் கானா நாட்டுச் சுரங்கத்திலே பாறைபிளக்கும் பணியேற்று, இடிமுழக்க எந்திரத்தையும் ஒற்றைக் கையால் அடக்கியாளும் திண்தோள் அண்ணல் முலெங்கா வாழி! அவன் பல்வரிசை வாழி! அப்பற்களுக்கு வேலையில்லாமற் செய்த அவன் தொண்டை அதனினும் வாழி! குமாசி மாநகரின் செம்மண் முற்றமொன்றில், ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், ஒரு மண்சட்டியின் முன்னே அவன் பொருத பெரும்போரைச் சொல்லப் புகுந்தேன். பசியோடு இருப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்பது நல்லது.

காதல்தான் காரணம், வேறென்ன. துணிக்கடை வீதியின் கயல்விழியாள் செர்வாவைக் கண்டு மதிமயங்கிய நம் வீரன், அவளை மணக்கும் வேட்கையோடு அவள் இல்லம் ஏகினான். ஆங்கே வீற்றிருந்தாள் அவள் அன்னை கொனாடு, உலக்கையொலியால் தெருவதிரச் செய்யும் உரலாண்ட பெருமாட்டி. மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் வெந்து, இடிபட்டு, வழுவழுவெனத் திரண்ட ஃபுஃபு ஆட்டுக்கறிச் சாற்றின் நடுவே தீவெனக் கிடந்தது. எங்கள் ஊரிலும் இதே களிதான், பிறந்ததிலிருந்து தின்கிறேன் என்று மார்தட்டியவன், ஒரு விள்ளலை வாயிலிட்டு மென்றான். மென்றானே, பாவி!

ஃபுஃபுவை விழுங்குவதே அந்நாட்டு அறம். பல் முளைக்கும் குழந்தைகூட அதை மெல்லாது. செர்வாவின் தமையன், ஆடறுக்கும் அடலேறு, சட்டிக்கோர் எமன் அம்போன்சா சிரித்த சிரிப்பில் சாறு மூக்கிலேறிற்று. கொனாடு மட்டும் சிரிக்கவில்லை.

"மெல்லுறதுக்கு இது என்ன கரும்பா? என் வீட்டுச் சோத்தத் திங்கத் தெரியாதவனுக்கு என் பொண்ணு கிடையாது" என்று அருளாணை பிறப்பித்தாள்.

அன்று தொட்டு ஞாயிறுதோறும் படையெடுத்தான் முலெங்கா. விழுங்கினான், விக்கினான், கண்ணீர் மார்பை நனைக்க மீண்டும் விழுங்கினான். செர்வா முதுகைத் தட்டினாள். அம்போன்சா தண்ணீர்க் குவளையை நீட்டி, பத்திரம் பத்திரம் என்று நக்கலடித்தான். காதலுக்காக எதையும் சகிக்கலாம் என்றெண்ணிய காலம் அது. ஆனால் பாருங்கள், என்றைக்கென்று சொல்லத் தெரியவில்லை, அந்த வழுவழுப்பு தொண்டையில் இறங்குவதே ஒரு சுகமாயிற்று. பாதாளச் சுரங்கத்து இருளில் செர்வாவின் முகத்தை நினைக்கப் புகுந்தால், இஞ்சியும் மிளகாயும் மணக்கும் அந்தச் சாறு முந்திக்கொண்டு வந்து நின்றது. அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அந்நாட்டு முறைப்படி பெண் கேட்க மதுப்புட்டியும் கையுமாய் அவன் வந்த அந்த ஞாயிறன்றுதான் மூண்டது மாபோர். ஒரே சட்டி, ஒருபுறம் முலெங்கா, மறுபுறம் அம்போன்சா, வலக்கரங்கள் வாளெனப் பாய்ந்தன, சாறு குருதியெனத் தெறித்தது, இறைச்சியை இறுதிவரை தீண்டாத மரபைக் காத்தபடியே தீவின் கரைகளை இருவரும் அரித்துக்கொண்டு வர, எஞ்சியது ஒரேயொரு விள்ளல். அதன்மேல் இரு கைகளும் ஒருங்கே விழுந்தன. விட்டுக்கொடுத்து நல்லபேர் வாங்கு என்று செர்வா கண்ணால் கெஞ்சியது அவனுக்குத் தெரியவேயில்லை.

"கைய எடுய்யா. விருந்தாளியாச்சேன்னு பாக்கறேன்" என்றான் அம்போன்சா.

"நான் விருந்தாளி இல்ல" என்றான் முலெங்கா. சொன்ன வேகத்தில் விள்ளலைப் பறித்து, சாற்றில் தோய்த்து, ஒரே மூச்சில் விழுங்கினான். மெல்லவில்லை. விக்கவுமில்லை.

வென்றது வீரம்! எஞ்சிய இறைச்சியில் பெரிய துண்டைக் கொனாடு தன் கையாலேயே அவன் பக்கம் தள்ளினாள். அதையும் தின்றான். இனி அவன் எழுந்து நின்று பெண் கேட்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் வயிறு நிறைந்த வீரன் கைகழுவி, சுவரில் சாய்ந்து, மதுப்புட்டியை மடியில் அணைத்தபடி, வாயைத் திறந்து குறட்டையெனும் சங்கநாதம் எழுப்பலானான்.

செர்வாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் இன்னும் கேட்கவே இல்லையே அம்மா என்று அவனை உலுக்கப் போனாள்.

"இதுக்கு மேல என்னடி கேக்கணும்? மாப்பிள்ளைய எழுப்பாத, தூங்கட்டும்" என்றாள் கொனாடு.

செர்வா சட்டியைக் கழுவப் போனாள்.