யோர்கன் பெட்டியில் என் இதயம்

பொய் சொல்லத் தெரியாதவன் ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போகக் கூடாது. ஷூ வாங்க வரும் வெளிநாட்டு பையருக்கும் முதலாளிக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் அடி வாங்குகிற உத்தியோகம் அது. தோல் தயாரா என்று பையர் கேட்டால், அந்தத் தோல் இன்னும் ஆட்டின் மேலேயே மேய்ந்துகொண்டிருந்தாலும், "கட்டிங் நடக்கிறது சார்" என்று முகம் மாறாமல் சொல்ல வேண்டும். எனக்கு முகம் மாறாது. அந்த ஒரு தகுதியை நம்பித்தான் இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஆம்பூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன்.

எங்கள் பையர் யோர்கன், ஜெர்மனிக்காரர். வரும்போதெல்லாம் தன் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து விமானத்தில் கொண்டு வருவார். விடிந்ததும் ஒடுகத்தூர் மலையடிவாரம் வரை மிதித்துவிட்டு வருவார். பின்னால் கம்பெனி ஜீப்பில் இளநீரும் கையுமாக நான். (ஜீப்பில் உட்கார்ந்தே எனக்கு மூச்சு வாங்கும்.)

அவர் சைக்கிள் ஹேண்டில்பாரில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி இருந்தது. சேட்டிலைட்டைப் பிடித்துப் போன வழி, வேகம், மேடு பள்ளம் எல்லாம் காட்டும். அது போதாதென்று மார்பில் கட்டும் ஒரு பெல்ட், இதயத் துடிப்பை எண்ணி, வயரே இல்லாமல் பெட்டிக்கு அனுப்பிவிடும். முதலாளி மகனிடம் சிங்கப்பூரில் வாங்கிய வேறொரு கம்பெனி வாட்ச் இருந்தது. அதில் இந்த பெல்ட் பிடிக்குமா என்று கேட்டதற்கு, "கம்பெனி வேறு, ஒன்றோடொன்று பேசாது" என்றார் யோர்கன். கல்யாணத்துக்குப் பிறகான சம்பந்திகள் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் அவர் கையில் குளிர்கால பூட்ஸ் ஆர்டர் இருந்தது. அது வராவிட்டால் எங்கள் மூன்றாவது தையல் லைனுக்கு வேலை இல்லை. மாதனூர் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் அத்தனை பெண்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். எனக்கு வேலை நிரந்தரமாவதும் அந்த ஆர்டரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் வந்த முதல் நாள் மதியம் பிரியாணி சாப்பிடும்போது யோர்கன் சட்டைப் பொத்தானைக் கழற்றி மார்பைக் காட்டினார். வேர்வையில் பெல்ட் உரசி, செக்கச் செவேலென்று தடித்திருந்தது. முதலாளி ஹாஜியாருக்கு அது ஊருக்கே அவமானமாகப் பட்டது. என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சாமு, ஆம்பூருக்கு வந்த மனுசன் ரப்பர் கட்டிக்கினு சுத்தறாரு! கஃபூர் பாய்கிட்ட சொல்லி, நல்ல ஆட்டுத்தோலா எடுத்து இதுக்கு ஒரு உறை தெச்சுக் குடு."

கஃபூர் பாய் சாம்பிள் செக்‌ஷன் மாஸ்டர். பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்பக்கம் கருப்பா ரெண்டு பட்ட இருக்கு பாரு தம்பி, இதான் கடிக்குது."

"அப்ப அதையும் மூடிடுங்க பாய்."

அந்தக் கருப்புப் பட்டைகள்தான் உடம்போடு ஒட்டி நின்று இதயத்தைக் கேட்கிறவை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ஆம்பூர்க்காரன் எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் அதற்கு லைனிங் எங்கே என்றுதான் தேடுவான். பாய் வழவழவென்று லைனிங் கொடுத்து, ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு, மேலே கம்பெனி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

மறுநாள் அதைப் பார்த்து யோர்கன் உருகிவிட்டார். பதிலுக்குத் தன்னிடமிருந்த அதே கம்பெனி பழைய பெல்ட்டை எனக்குப் பரிசாகத் தந்தார். பெட்டி கிடையாது, வெறும் பெல்ட். ரேடியோ இல்லாதவன் ஏரியல் வாங்கியது போலத்தான். ஆனாலும் ஜெர்மன் பொருளாயிற்றே, பாத்ரூமுக்கு ஓடிப் போய் சட்டைக்குள் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி வந்தேன்.

மீட்டிங் ரூமில் யோர்கன் உறை போட்ட பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, சைக்கிளிலிருந்து கழற்றி வந்த பெட்டியில் பட்டனை அழுத்தி பெல்ட்டைத் தேடச் சொன்னார். கஃபூர் பாயின் லைனிங்குக்குள் கிடந்த பெல்ட் வாயே திறக்கவில்லை. பக்கத்து நாற்காலியில், என் சட்டைக்குள் இருந்தது 'நான் இருக்கிறேன்' என்று கை தூக்கிவிட்டது. (இதெல்லாம் பிற்பாடு புரிந்தது.) பெட்டியில் எண்பத்தெட்டு என்று எண் வந்தது.

"அற்புதம்! தோல் உறைக்குள்ளும் வேலை செய்கிறது!" என்று யோர்கன் கைதட்டினார். ஹாஜியார் என் முதுகில் தட்டினார். பெட்டியை எல்லோரும் பார்க்கும்படி மேஜை நடுவில் வைத்துவிட்டு ஆர்டர் பேச ஆரம்பித்தோம்.

"பிரவுன் தோல் தயாரா?" என்றார் யோர்கன்.

தோல் அப்போது பதனிடுகிற டேனரியில் ஊறவே ஆரம்பிக்கவில்லை. "தயார் சார்" என்றேன். பெட்டி நூற்றுப் பதினெட்டுக்குப் போனது.

"ஆகஸ்டில் கப்பலேறிவிடுமா?"

"கண்டிப்பாக சார்." நூற்று முப்பத்தாறு.

தன் இதயம்தான் என்று யோர்கன் பயந்துவிட்டார். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு இப்படியா? ஹாஜியார் எழுந்தேவிட்டார். "யா அல்லா, வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடுங்கப்பா! சாமு, ஓடிப்போய் தண்ணி கொண்டா!"

நான் ஓடினேன். நான் காரிடார் கடைசிக்குப் போனதும் பெட்டியில் எண் மறைந்துவிட்டதாம். தண்ணீரோடு திரும்பியபோது யோர்கன் தன் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், திரும்ப முளைத்த எண்ணைப் பார்த்தார்.

"சாம், சட்டைக்குள் என்ன?"

பெட்டி நூற்று நாற்பத்தைந்து என்றது.

அவர் பெட்டியை என் பக்கம் திருப்பி வைத்து, குழந்தையிடம் கேட்பது போல மெதுவாகக் கேட்டார்: "தோல் தயாரா?"

ஹாஜியார் என்னையே பார்த்தார். மூன்றாவது லைன் பெண்கள் கண்ணில் வந்து நின்றார்கள். "தயார்... சார்" என்றேன். நூற்று அறுபத்தேழு.

யோர்கன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. சிரித்து முடித்து ஃபைலை மூடினார்.

ஆர்டர் வேறு ஊருக்குப் போனது. மூன்றாவது லைன் அந்த சீசன் முழுக்க மூடிக் கிடந்தது. மாதனூர் பஸ் பாதி காலியாக வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது, இதில் தமாஷ் எதுவுமில்லை. ஹாஜியார் திட்டக்கூட இல்லை. "உன் வாய் நல்லாத்தான் பேசுது சாமு, உடம்புதான் பேஜார் பண்ணுது" என்று சொல்லி என்னைப் பதனிடாத பச்சைத்தோல் கொடவுனுக்கு அனுப்பினார். அங்கே பொய் சொல்ல ஆளே கிடையாது. அந்த நாற்றத்தில் யாரும் நின்று கேள்வி கேட்பதில்லை.

அடுத்த வருடம் திமிரியில் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். காபியை வைத்துவிட்டு, "ஆம்பூர்ல அந்த பெல்ட்டு விவகாரம்... நீங்கதானா?" என்றார். கதை பஸ் ஏறி அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. முடிந்தது என்று எழுந்தேன்.

"உக்காருங்க. பொய் சொன்னா வெளிய காட்டிக் குடுக்கிற மாப்ள வேற எங்க கெடைப்பான்?" என்றவர், அன்றைக்கே தாம்பூலம் மாற்றிவிட்டார்.

இன்றும் எங்கள் வீட்டில் நான் வாயைத் திறந்தால் மனைவியின் கை என் நெஞ்சுக்கு வந்துவிடும். "சாம்பார் நல்லாருக்கு" என்று நேற்றுகூடச் சொன்னேன். மகள் எதிரில் இருந்தபடியே, "அம்மா, நூத்தி நாப்பது!" என்று கத்தினாள். சாம்பார் நிஜமாகவே நன்றாக இருந்தது. யாரிடம் போய்ச் சொல்ல?