நசுங்கிய டின் இராஜமாணிக்கம்

நல்ல டின்னைக் கண்டால் முகம் சுளித்து, நசுங்கிய டின்னைக் கண்டால் முகம் மலரும் ஓர் இனம் நம் நடுவே வாழ்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்தால் காப்பியைக் குடிக்கும் முன் காப்பித்தூள் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். "எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்பார். நீங்கள் விலையைச் சொன்னதும் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி உங்கள் தோளைத் தட்டிக்கொடுப்பார். "ஏமாந்துட்டீங்களே" என்று வாய் சொல்லாது. கண் சொல்லும். நீங்களும் ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல் தலையைக் குனிந்துகொள்வீர்கள்.

இந்த இனத்தில் நமக்குக் கிடைத்த உயர்ந்த ரகம் இராஜமாணிக்கம். பாதி செம்பனையும் பாதி வீடமைப்புத் திட்டமுமாகிவிட்ட ஒரு தோட்டத்தில், இன்னும் இடிக்காமல் விட்டு வைத்திருக்கும் வரிசை வீடுகளில் மூன்றாவது வீடு அவருடையது. வேலை சுங்கை காடுட்டில், ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில். சம்பளம் மோசமில்லை. மகள் ரதி சிரம்பானில் வங்கி வேலைக்குப் போகிறாள். ஆக, வறுமை காரணம் என்று யாரும் இரக்கப்பட வேண்டியதில்லை. இது வறுமை இல்லை, கலை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் மோட்டார் லுக்குட்டுக்குக் கிளம்பிவிடும். அங்கே மோட்டார் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு கிடங்குக் கடை இருக்கிறது. லாரியிலிருந்து விழுந்தது, வெள்ளத்தில் நனைந்தது, மூடிப்போன பேரங்காடியில் மிஞ்சியது, தேதி முடிய இரண்டு நாள் இருப்பது, தேதியை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று போட்டவனுக்கே தெரியாதது, எல்லாம் அங்கே மலை மலையாகக் குவிந்து கிடக்கும். மற்றவர்கள் கோயிலுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவார்கள். இராஜமாணிக்கம் இந்தக் கடை வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். பிறகுதான் உள்ளே நுழைவார்.

என்னவெல்லாம் வாங்குவார் என்கிறீர்கள்? என்ன வாங்க மாட்டார் என்று கேளுங்கள், சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். வீட்டில் குழந்தை இல்லை. ஆனால் ஆறு மாதமாகக் காலைப் பலகாரம் குழந்தைகளுக்கான சத்துமாவுக் கஞ்சி. நாய் இல்லை, ஆனால் நாய் ஷாம்பு பதினொரு போத்தல் இருக்கிறது, மோட்டார் கழுவுகிறார். எந்த நாட்டு எழுத்து என்றே புரியாத ஒரு சிவப்புச் சாஸ் இருபத்து நான்கு போத்தல். தோசைக்கா, தரை துடைக்கவா என்று திலகா, அதாவது அவருடைய மனைவி, இன்றுவரை முடிவுக்கு வரவில்லை. பிஸ்கட் எல்லாம் தூளாகத்தான் வரும். "உடைஞ்சா என்ன, வாய்க்குள்ள போனா உடையத்தானே போவுது?" என்பார். இத்தனையையும் வைக்க இடம் போதாமல் போன வருடம் இரண்டாவது குளிர்சாதனப் பெட்டி ஒன்று வாங்கினார். அதை முழு விலைக்கு வாங்கினார். இதை மட்டும் அவரிடம் யாரும் கேட்டுவிடாதீர்கள்.

தேதியைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், பிரசங்கம் தொடங்கிவிடும். "பெஸ்ட் பிஃபோர்னு போட்டிருக்கான். அதுக்கு முன்னாடி பெஸ்ட். அதுக்கப்புறம் குட். கெட்டுப்போச்சுன்னு எங்கலா எழுதியிருக்கு, காட்டு பாப்போம்?"

யாராலும் காட்ட முடியாது. எழுதியிருக்கவில்லை அல்லவா?

ஆனால் இந்த ஞானங்களுக்கெல்லாம் உச்சியில் ஒன்று உண்டு. வெள்ளத்தில் லேபிள் கழன்று, உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரிக்கே தெரியாத டின்களை அங்கே ஒரு கூடையில் போட்டிருப்பார்கள். விலை ஒரு வெள்ளிக்கு இரண்டு. சாதாரண மனிதர்கள் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள். இராஜமாணிக்கம் ஒரு டின்னை எடுத்துக் காதோரம் வைத்து, கண்ணை மூடி, இரண்டு தடவை குலுக்குவார். "அன்னாசி." அடுத்ததைக் குலுக்குவார். "காளான்." கடைக்கார சீனத்தி வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள். வீட்டுக்கு வந்து திறந்தால் பத்துக்கு ஏழு சரியாக இருக்கும். தவறிப்போன மூன்றை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை; டின்காரன் தப்பாக அடைத்துவிட்டான் என்பார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த மனிதருக்கு ஓர் ஆசை வந்தது.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா பத்து நாள். ஒவ்வொரு நாள் செலவையும் ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும், அதுதான் உபயம். அன்று மத்தியானம் ஊருக்கே சாப்பாடு போட வேண்டும். சாப்பாடு முடிந்ததும் உபயக்காரரை அம்மன் முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, தலையில் பட்டுக் கட்டி, மைக்கில் பேரைச் சொல்வார்கள். ஆறாம் நாள் உபயம் இராஜமாணிக்கத்தின் அப்பா காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்துடையது. அப்பா போனபின், "செலவு கட்டுப்படியாவாது" என்று நம்மவர்தான் கைகழுவிவிட்டார். யார் யார் தலையிலோ அந்தப் பட்டு ஏறியது. பார்த்துக்கொண்டு நின்ற இராஜமாணிக்கத்துக்கு வயிறு எரிந்தது. தோட்டத்தில் தன்னை எல்லாரும் 'டின்னு' என்றுதான் சொல்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். வலிக்கவும் செய்தது. ஒரே ஒரு நாள், முந்நூறு பேர் முன்னால், 'இராஜமாணிக்கம் குடும்பத்தார்' என்று மைக் சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

கோயில் செயலாளர் ஆறுமுகத்திடம் போய்க் கேட்டார். ஆறுமுகம் நாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"தர்றேன் அண்ணே. ஆனா ஒரு வருசம் பாப்போம். நல்லா செஞ்சீங்கன்னா ஆறாம் நாளு இனிமே உங்க வீட்டு பேர்லயே இருக்கும். சொதப்புனீங்க, லோபாக்குல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு, அவருக்குப் போயிரும். அப்புறம் என்னைய ஒண்ணும் சொல்லக்கூடாது."

"நீ பாரு ஆறுமுகம், எப்படி செய்யிறேன்னு!" என்றார் இராஜமாணிக்கம்.

அன்றே திலகா சொல்லிவிட்டாள். "என்னங்க, வீட்டுக்கு நீங்க எதை வேணா வாங்கியாங்க, நான் வாயத் தொறக்கல. கோயிலுக்கு மட்டும் நல்ல கடையில வாங்குங்க."

"அம்மனுக்கு லேபிளா முக்கியம்? மனசுதான்டி முக்கியம்."

"அப்ப அந்த மனசத் தொறந்து வாங்குங்க."

இதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் அதே வாரம் லேபிள் இல்லாத கூடையில் நாற்பது டின் ஒன்றுபோலக் கிடைத்தது. எல்லாம் ஒரே அளவு. குலுக்கினார். கொண்டைக்கடலை! சந்தேகமே இல்லை. இருந்தாலும் கோயில் காரியமாயிற்றே என்று, தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பரீட்சை வைத்தார். மூன்று டின்னை வீட்டில் திறந்து பார்த்தார். மூன்றும் கொண்டைக்கடலை, பழுதில்லை. பூரிப்பில் அன்றிரவு இரண்டு கிண்ணம் குழந்தைக் கஞ்சி குடித்தார்.

ஆறாம் நாளும் வந்தது. காப்புக் கட்டியதிலிருந்து தோட்டமே சைவம். கோயில் சமையல்கட்டில் வள்ளியம்மா தலைமை. முப்பது வருடமாகத் திருவிழாவுக்குச் சமைக்கிற கை. பெரிய அண்டாவில் உருளைக்கிழங்கு குருமா கொதித்துக்கொண்டிருந்தது. கடலை போட வேண்டியதுதான் பாக்கி.

"கடலைய ராத்திரியே ஊறப்போட்டு அவிச்சிருக்கலாம்ல தம்பி? டின்னு எதுக்கு?" என்றாள் வள்ளியம்மா.

"ஊற வேணாம், அவிக்க வேணாம், கேஸ் மிச்சம். காலம் மாறிப்போச்சுக்கா!"

சொன்னவர் சும்மா நிற்கக் கூடாதா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நகருங்க, நானே போடுறேன்" என்று இறங்கிவிட்டார். உபயக்காரர் கையாலேயே போடுகிறார் என்று நாலு பேர் பார்க்க வேண்டுமாம். ஒரு டின்னைத் திறப்பது, ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கவிழ்ப்பது, அடுத்ததைத் திறப்பது, வாசலில் நிற்பவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு, கவிழ்ப்பது. கை மின்னலாக ஓடியது. பதினாறு டின் போயிற்று. பதினேழாவதும் போயிற்று.

"தம்பி, நிறுத்து!"

வள்ளியம்மாவின் கரண்டி அண்டாவுக்குள் நின்றுவிட்டது. குருமாவின் நடுவில், தக்காளிச் சாறு மேலெல்லாம் வழிய, வாலும் உடம்புமாக ஐந்து சார்டின் மீன்கள் மிதந்துகொண்டிருந்தன.

ஆறு நாளாகக் கவிச்சி படாத சமையல்கட்டு அது. வாசனை தன் பாட்டுக்கு வெளியே கிளம்பிப் பந்தலுக்குப் போயிற்று. நாதஸ்வரக்காரர் மூக்கைச் சுளித்தார், வாசிப்பு நின்றது. முந்நூறு பேர் இலைக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறுமுகம் ஓடி வந்து அண்டாவை எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இராஜமாணிக்கத்துக்குக் காலடியில் பூமி நழுவியது. அப்பா கட்டிக்காத்த உபயம், பட்டு, மைக், எல்லாம் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. "தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி, விழுந்து கும்பிட்டிருந்தால் ஊர் மனசு இளகியிருக்கும். நீங்களாக இருந்தால் அதைத்தானே செய்வீர்கள்? அவரும் செய்யத்தான் நினைத்தார். கையைக்கூடக் கூப்பிவிட்டார். ஆனால் பிறவிக் குணம் முந்திக்கொண்டது.

"மீன மட்டும் அள்ளி எடுத்துட்டா," என்றார், "மிச்சம் நல்லாத்தான் இருக்கும்."

வள்ளியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் தலையில் வைக்காமல் கீழே வைத்தது அம்மன் புண்ணியம். அதற்குமேலும் அவர் விடவில்லை. "கொட்டிராதீங்கக்கா... நான் வேணா வீட்டுக்குக் கொண்டுபோயிடுறேன்."

அப்போதுதான் திலகா உள்ளே வந்தாள். அண்டாவைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. போனை எடுத்து லோபாக்கில் இருக்கும் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையை அழைத்தாள்.

"முந்நூறு பேருக்கு சாப்பாடு வேணும், இப்பவே. ஆமாங்க, என்னென்ன இருக்கோ எல்லாம். இல்ல, நான் விலை கேக்கல. வேன்ல ஏத்துங்க, சீக்கிரம்."

'நான் விலை கேக்கல.' இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்த வீட்டு ஆள் யார் வாயிலிருந்தும் வராத வார்த்தை. இராஜமாணிக்கத்துக்கு மீன் மிதந்தபோது வராத மயக்கம் இப்போது வந்தது. பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். ரதி தன் போனில் பணத்தை அனுப்பிவிட்டு, அவர் பக்கம் திரும்பாமலே தோழிகளோடு இலை போடப் போனாள்.

அண்டாவை நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் குழி தோண்டிக் கொட்டினார்கள். மஞ்சள் நீர் தெளித்துச் சமையல்கட்டைக் கழுவினார்கள். முக்கால் மணி நேரம் தாமதமாக வேன் வந்தது. சோறு, சாம்பார், இரண்டு கூட்டு, அப்பளம், பாயசம். பசியோடு இருந்த ஊர் இரண்டாம் தரம், மூன்றாம் தரம் வாங்கிச் சாப்பிட்டது. அந்தத் திருவிழாவிலேயே ஆறாம் நாள் சாப்பாடுதான் சாப்பாடு என்று அத்தனை பேரும் சொன்னார்கள்.

மரியாதை நேரம் வந்தது. இராஜமாணிக்கம் முகத்தைக் கழுவி, தலையை வாரி, அம்மன் முன்னால் ஓர் ஓரமாக வந்து நின்றார். ஆறுமுகம் மைக்கைக் கையில் எடுத்தார்.

"ஆறாம் நாள் உபயம், திருமதி திலகா. வருசா வருசம் இனிமே அவங்க பேர்லதான்."

மாலை திலகா கழுத்தில் விழுந்தது. பெண் தலையில் பட்டுக் கட்டும் வழக்கமில்லை என்று யாரோ முணுமுணுக்க, வள்ளியம்மா பூசாரி கையிலிருந்த பட்டை வாங்கித் தானே திலகாவின் தோளில் போர்த்திவிட்டாள். கைதட்டல் பந்தலைத் தூக்கியது. உபயம் குடும்பத்தில்தான் இருக்கிறது; பேர்தான் வேறு. இராஜமாணிக்கமும் தட்டினார். வெட்கமாக இருந்தது. முதல் தடவையாக, தான் மிச்சம் பிடித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

எல்லாரும் எழுந்து போனபின் கடைசிப் பந்தியில் தனியாக உட்கார்ந்தார். திலகாவே பரிமாறினாள். ஒரு வாய் வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாருக்குடி."

"இருக்கும்ல," என்றாள் திலகா. "முழு விலை."

அவர் மறுபடி சோற்றைப் பிசைந்தார். பாயசத்தைக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

சரி, சிரித்துவிட்டீர்கள். சிரிக்க வேண்டிய ஆள்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். 'ஒரு வெள்ளிக்கு இரண்டு' என்று படித்த இடத்தில் உங்கள் கண் ஒரு நொடி நின்றதா, இல்லையா? அந்தக் கடை லுக்குட்டில் எந்தப் பட்டறைக்குப் பின்னால் என்று மனசு கேட்டதா, இல்லையா? அண்டாவைக் குழியில் கொட்டியபோது, 'மீனை எடுத்துவிட்டு வீட்டுக்காவது கொண்டுபோயிருக்கலாமே' என்று உள்ளே ஒரு குரல் மெல்ல எழுந்ததா, இல்லையா? எழுந்ததென்றால் நான் யாரிடமும் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழையுங்கள், கட்டாயம் வருகிறேன். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.