நெடுக்கே வெளியே, குறுக்கே உள்ளே

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் வலது தோள்பட்டை மட்டும் சௌக்கியமில்லை. அதற்குப் பின்னால் ஒரு பெரிய வெற்றி இருக்கிறது, நிதானமாக உட்கார்ந்து படி.

போன மாதம் நீ வந்திருந்தபோது எங்கள் காரில் போனோமே, அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எதிர வர்ற வண்டியெல்லாம் புகைக்குள்ள வர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். உடனே நீ, "அக்கா, அது புரை. எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஆபரேஷன் பண்ணிக்கோ, பத்தே நிமிஷம்" என்றாய். உனக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் ஒட்டடை கண்டுபிடிப்பதே வேலையாகிவிட்டது. என் வீட்டு மின்விசிறியைப் பார்த்து நீ உதட்டைச் சுழித்ததை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தாய்? அந்த அளவுக்கு எனக்குக் கண் தெரியும்! நீ ஊருக்குப் போனதும் என் மகன் அதையே பிடித்துக்கொண்டான். பல் துலக்கும்போது கண் டாக்டர், செருப்பு மாட்டும்போது கண் டாக்டர். "கார் கண்ணாடியிலதான்டா அழுக்கு" என்றால், "நேத்துதாம்மா துடைச்சேன்" என்கிறான். இவன் துடைக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? காய்ந்த துணியை எடுத்து, மேலே கிடக்கிற மணலோடு சேர்த்து வறட்டு வறட்டென்று தேய்த்து, பக்கக் கண்ணாடி முழுக்கக் கீறல் கீறலாக இழுத்து வைத்திருக்கிறான்.

எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டேன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தக் கண்ணாடிய நான் சரி பண்றேன். அப்புறமும் எனக்குப் புகையாத் தெரிஞ்சா, மறு பேச்சு பேசாம ஆஸ்பத்திரிக்கு வர்றேன். தெரியலேன்னா இந்த வீட்டுல கண்ணுங்கற பேச்சே கூடாது. முன் சீட்டும் எனக்குத்தான்." மகன் சிரித்தான். பேத்தி சிரிக்கவில்லை. அவள் லைசென்ஸ் வாங்கி ஒன்பது நாள்தான் ஆகிறது. "பாட்டி, எனக்கும் சாயங்காலம் எதிர் லைட்டு பட்டா கண்ணாடி பூரா பால் ஊத்தின மாதிரி ஆகுது. நான் உங்க கட்சி" என்று தட்டோடு எழுந்துவந்து என் பக்கம் உட்கார்ந்தாள். என் வளர்ப்பு!

திங்கட்கிழமை பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கரைத்துத் தேய்த்தேன். அழுக்கு போனது, புகை போகவில்லை. புதன்கிழமை யாரோ சொன்னார்கள் என்று ஒரு டியூப் பற்பசையைப் பிதுக்கிக் கண்ணாடி முழுக்க அப்பித் துடைத்தேன். துடைத்தேன் என்றுதான் நினைத்தேன். அது போய் வைப்பருக்கு அடியில் ஒளிந்துகொண்டதை நான் எங்கே கண்டேன்? மறுநாள் காலை தூறல் விழுந்ததும் மகன் வைப்பரைப் போட்டிருக்கிறான், வண்டி ஆபீஸ் வாசலில் வாயில் நுரை தள்ளிக்கொண்டு போய் நின்றிருக்கிறது, காவலாளி ஓடிவந்து "சார், வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று பதறியிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் குதித்தான். "வாசனையா இருந்துச்சா இல்லையா, அதச் சொல்லு" என்றேன்.

வெள்ளிக்கிழமை பேத்தியை அழைத்துக்கொண்டு கார் கண்ணாடிக் கடைக்கே போய்விட்டேன். அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷர். பக்கக் கண்ணாடியில் விரல் நகத்தை ஓட்டிக் காட்டினார். "பாட்டியம்மா, நகம் மாட்டினா ஆழமான கீறல், விட்டுடுங்க. வழுக்கிக்கிட்டுப் போனா பாலிஷ் பவுடர் போட்டுத் தேய்ச்சு எடுத்துடலாம். முன் கண்ணாடியில மட்டும் பவுடர் வேண்டாம், தேய்ஞ்ச இடத்துல ரோடு நெளிஞ்சு தெரியும். அதுக்கு வெளிப்பக்கம் வினிகரும், ஒட்டின அழுக்க இழுத்து எடுக்கற இந்தக் களிமண்ணும், உள்பக்கம் வினிகர் மட்டும்." உள்பக்கம் எதற்கு என்றேன். வெயிலில் நிற்கிற வண்டிக்குள் பிளாஸ்டிக் சூடாகி அதிலிருந்து கிளம்புகிற ஆவி கண்ணாடியில் போய்ப் பிசுக்காகப் படியுமாம். அத்தனை பேரும் வெளியே மட்டும் துடைத்துவிட்டுப் போய்விடுகிறார்களாம். கடைசியாக அவர் சொன்னதுதான் தங்கமான விஷயம். "வெளிப்பக்கம் நெடுக்காத் துடைங்க. உள்பக்கம் குறுக்காத் துடைங்க. கோடு மிச்சமிருந்தா, நெடுக்கா இருந்தா வெளியே, குறுக்கா இருந்தா உள்ளே. தேட வேண்டியதே இல்ல." நான் ஐந்தாம் வகுப்பில் ஒப்பித்தல் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் என்பது உனக்கு நினைவிருக்கும். அவர் சொன்ன அத்தனையையும் ஒரு சொல் பிசகாமல் திருப்பி ஒப்பித்தேன். மனுஷர் அசந்துபோய், "இதுக்கு முன்னாடி எந்தக் கடையில வேலை பார்த்தீங்க?" என்று கேட்டுவிட்டார்!

சனிக்கிழமை முழுக்க நிழலில் வண்டியை நிறுத்தி வேலை. கீறல் இருக்கிற இடத்துக்கு நேரே மறுபக்கம் டேப் துண்டு ஒட்டினோம், இல்லாவிட்டால் பவுடர் பூசியதும் கீறல் எங்கே என்று தெரியாது. பதினான்கு துண்டு. எல்லாம் நான் செல்லம் கொடுத்து வளர்த்த என் மகனின் கைவண்ணம். பவுடரைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஈரம் காயாமல் தெளித்துத் தெளித்து வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். நடுவில் களிமண் கீழே விழுந்தது, எடுத்து ஊதிவிட்டு வைக்கப் போனேன், பேத்தி "பாட்டீ! மண்ணு ஒட்டியிருக்கும், மறுபடி கீறும்" என்று பிடுங்கி எறிந்தாள். வினிகர் கையில் பட்ட இடமெல்லாம் எரிந்தது. ஆனால் அடியே, கழுவிவிட்டுப் பார்த்தபோது பதினான்கில் பதினொன்று போயே போய்விட்டது! முன் கண்ணாடியின் உள்பக்கத்தைக் குறுக்காகத் துடைத்த துணி சாம்பல் நிறத்தில் வந்தது. அந்தத் துணியைக் கொண்டுபோய் மகன் மூக்குக்கு நேரே பிடித்தேன். "நேத்துதான் துடைச்சியா?" துணியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை தெருவிளக்கு எரிய ஆரம்பித்ததும் பேத்தி வண்டியை எடுத்தாள். நான் முன் சீட்டில். மகன் பின்னால். முதல் வண்டி எதிரே வந்தது. "பாட்டி! ஒவ்வொரு லைட்டும் தனித்தனியாத் தெரியுது! கண்ணாடியே இல்லாத மாதிரி இருக்கு!" என்று கத்தினாள். மகன் குனிந்து பார்த்துவிட்டு, "சரிம்மா, கண்ணாடிதான். நான் தோத்துட்டேன். உனக்குத் தெளிவா இருக்கா?" என்றான். "பளிச்சுன்னு இருக்கு" என்றேன். ஆகவே புரை, கிரை என்று இனி என்னிடம் யாரும் பேச வேண்டாம். குறிப்பாக நீ.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்புகள். பிள்ளைகள் எதற்கும் குறைவில்லாமல், நீண்ட ஆயுளோடு, துடைத்த கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்த்து வாழட்டும்.

இப்படிக்கு,
முன் சீட்டிலிருந்து,
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே இருப்பதை மகனும் படித்துப் பார்த்துவிட்டான். இதை அவன் போன பிறகு எழுதுகிறேன். அன்று எதிரே வந்த விளக்கைச் சுற்றி எனக்கு ஒரு மங்கல் தெரிந்தது. நெடுக்காக இல்லை. குறுக்காகவும் இல்லை. வட்டமாக, விளக்குக்கு ஒன்றாக. காற்று வேண்டும் என்று சாக்குச் சொல்லிப் பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது. வெளிப்பக்கமும் நான் துடைத்தாயிற்று, உள்பக்கமும் துடைத்தாயிற்று. மூன்றாவதாக ஒரு பக்கம் இருப்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை, நீதான் சொன்னாய். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கத்தியைக் கிட்டக் கொண்டுவருவார்கள் என்கிற பயம்தான், வேறென்ன. பேத்தியிடம் மட்டும் சொன்னேன். கேலி பண்ணவில்லை, வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். மகனிடம் பாலிஷ் பவுடர் வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறோம். நீ புதன்கிழமையே வந்துவிடு, என் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். வரும்போது உங்கள் கார் கண்ணாடியை இரண்டு பக்கமும் ஒழுங்காகத் துடைத்துவிட்டு வா. ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்ததும் நான் முதலில் பார்க்கப் போவது அதைத்தான்.