ரகோவிட்சாவின் பக்கத்து வீட்டுக்காரர்கள்

இரண்டாவது மீன் துண்டை வாயில் போட்ட பிறகுதான், தான் உட்கார்ந்திருப்பது சம்பந்தி வீடு இல்லை என்று வூக்கோட்டாவுக்குத் தெரிந்தது.

தெரியவைத்தது மனைவியின் போன்.

"எங்க தொலைஞ்சீங்க? காரை நிறுத்தப் போன மனுஷன் பெல்கிரேடையே சுத்திட்டு வர்றீங்களா? நீங்க வந்தாத்தான் திருநாள் ரொட்டியை வெட்டுவேன்னு சம்பந்தி கத்தியும் கையுமா நிக்கிறாரு!"

வூக்கோட்டா நிமிர்ந்து பார்த்தார். அவர் சம்பந்தி என்று நினைத்துக் கட்டித் தழுவிய மீசைக்காரர், எதிரில் நின்று பிளம் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"டிராபிக்கும்மா" என்று முணுமுணுத்துப் போனை வைத்தார்.

மகள் நெவேனாவைக் கொடுக்கப் போகும் இடம். இன்றுதான் முதல் சந்திப்பு. சம்பந்தி ரத்தோமிர் ரயில்வேயில் இருந்தவர். நேரம் தவறுகிறவனையும் பொய் சொல்கிறவனையும் வாசலோடு அனுப்பிவிடுவாராம். "அப்பா, ரெண்டே ரெண்டு விஷயம்" என்று மகள் காலையிலேயே கெஞ்சியிருந்தாள். ஆறாவது மாடி, கதவு திறந்திருக்கும் என்றும் சொல்லியிருந்தாள். லிப்ட் நின்றது, எதிரே ஒரு கதவு திறந்திருந்தது, உள்ளே மெழுகுவத்தி எரிந்தது. மனைவியும் மகளும் சமையலறையில் இருப்பார்கள் என்று நினைத்து நுழைந்துவிட்டார்.

புனித நிக்கோலா நாளில் ஊரில் பாதி வீட்டில் குடும்பப் புனிதரின் திருநாள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வேண்டியவர்கள் தாங்களே வருவார்கள். வந்தவரை யார் என்று கேட்பது மரியாதையும் இல்லை. சாப்பிட்ட பிறகு "வீடு மாறி வந்துட்டேங்க" என்று சொல்வதோ அதைவிடக் கேவலம்.

இருபது பேருக்கு இலை போட்டது போல நீள மேசை. உட்கார்ந்திருந்தது வூக்கோட்டாவும் ஒரு வழுக்கைத் தலையரும்தான். அந்த வழுக்கைத் தலையர்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணனுக்கு நம்ம கோஸ்டாவை எப்படிப் பழக்கம்?"

மீசைக்காரர் பெயர் கோஸ்டா என்பதே அப்போதுதான் தெரிந்தது. வூக்கோட்டா சுவரைப் பார்த்தார். ஆலைப் புகைபோக்கியும் ஓட்டு வீடுகளுமாக ஒரு பழைய படம். பெல்கிரேடு ஓரத்து ஆலைப் பகுதியான ரகோவிட்சா மாதிரி இருந்தது.

"சின்ன வயசுல பக்கத்து வீடு. ரகோவிட்சாவுல."

கோஸ்டா அசையாமல் நின்றார். தொலைந்தோம் என்று நினைத்தார் வூக்கோட்டா. சட்டென்று கோஸ்டா அவரை இழுத்து மூன்று முத்தம் வைத்தார்.

"அடப்பாவி, பக்கத்து வீடு! இவ்வளவு நாளா எங்கடா இருந்த? தெசாங்கா, இன்னும் மீனு கொண்டா!"

"அட, நானும் ரகோவிட்சாதான்!" என்று வழுக்கைத் தலையரும் குதித்தார். "ஒப்ராத்! கடைசி வீடு! ஞாபகம் இல்ல?"

"மறக்க முடியுமா?" என்றார் வூக்கோட்டா. பிறந்ததிலிருந்து அவர் ரகோவிட்சாவைப் பார்த்தது பஸ் ஜன்னல் வழியாக மட்டும்தான்.

"அந்த நாய் ஞாபகம் இருக்கா?" என்றார் கோஸ்டா.

"கறுப்பு நாய்தானே? என்னைக் கடிச்சுதே!"

"வெள்ளை" என்றார் ஒப்ராத்.

"கடிச்சப்ப கறுப்பு" என்று சமாளித்தார் வூக்கோட்டா. என்ன உளறுகிறோம் என்று அவருக்கே புரியவில்லை.

கோஸ்டா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உற்சாகத்தில் ஒப்ராத் ஒரு குண்டைப் போட்டார்.

"உங்க அண்ணன் டிராம் வண்டியைத் திருடி ஓட்டிட்டுப் போனானே! இன்னும் உள்ளதான் இருக்கானா?"

வூக்கோட்டா வீட்டுக்கு ஒரே பிள்ளை. அண்ணனும் கிடையாது, டிராமும் கிடையாது. இல்லை என்றால் ரகோவிட்சாவே இல்லை என்றாகிவிடும்.

"ஆமா. இன்னும் வெளிய வரல."

"ஐயோ பாவம்!" சமையலறை வாசலில் நின்ற கோஸ்டாவின் மனைவி தெசாங்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

போன் மறுபடி அடித்தது. "சம்பந்தி கத்தியைக் கீழ வெச்சுட்டாரு. நெவேனா அழுவுறா" என்றாள் மனைவி.

வூக்கோட்டா துள்ளி எழுந்தார். "கோஸ்டா, மன்னிச்சுக்க. ஜெயில்ல அண்ணனைப் பார்க்கிற நேரம் முடியப் போகுது!"

"அப்ப நானும் வரேன், பார்த்து எத்தனை வருஷமாச்சு!" என்று ஒப்ராத்தும் எழுந்தார்.

தடுக்க வழியில்லாமல் கோஸ்டா இருவரையும் கட்டிப்பிடித்து அனுப்பினார். வெளியே சுவரில் ஐந்து என்று எழுதியிருந்ததை வூக்கோட்டா பார்த்தார். இருவரும் முழித்தார்கள். நீங்க போங்க, இல்ல நீங்க போங்க என்று சற்று நேரம் உபசாரம் நடந்தது. பிறகு ஜெயிலுக்குக் கிளம்பிய இருவரும் மாடிப்படியில் மேலே ஏறினார்கள். ஆறாவது மாடியில் ஒரே கதவின் முன் நின்றார்கள்.

"இங்க என்ன உங்களுக்கு?" என்றார் வூக்கோட்டா.

ஒப்ராத் பதில் சொல்வதற்குள் ரத்தோமிர் வந்து நின்றார். "ஒப்ராத்! கூடப் பொறந்த அண்ணன் வீட்டுக்கு வர்ற நேரமாடா இது? கூட யாரு, சம்பந்தியா?"

உள்ளே மனைவி முறைத்தாள். நெவேனா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"டிராபிக்..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே! நில்லுங்கண்ணே!" பின்னால் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள் தெசாங்கா. கையில் பொட்டலம். "கீழ போவீங்கன்னு பார்த்தா மேல ஏறுறீங்க. இந்தாங்க, வறுத்த மீனு. ஜெயில்ல இருக்கிற உங்க அண்ணனுக்கு."

ரத்தோமிர் பொட்டலத்தையும் வூக்கோட்டாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பா ஒரே பிள்ளைன்னுல்ல நெவேனா சொன்னா?" என்றார் ரத்தோமிர் மெதுவாக.

"அப்பா!" நெவேனா குரல் உடைந்தது.

மகளின் முகத்தைப் பார்த்ததும் வூக்கோட்டாவுக்கு வெட்கம் போன இடம் தெரியவில்லை. "எனக்கு அண்ணனே கிடையாதுங்க! லிப்ட் அஞ்சாவது மாடியில நின்னுடுச்சு, வீடு மாறிப் போயிட்டேன், சொல்ல வெட்கமாயிருந்துச்சு. டிராம் திருடினதெல்லாம் இவரு விட்ட கதை, ரகோவிட்சாக்காரரு!"

"எவன், இவனா?" ரத்தோமிர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "நானும் இவனும் உஷிட்சேயில ஒரே கட்டில்ல படுத்து வளர்ந்தவங்க! ரகோவிட்சா எங்கடா வந்துச்சு?"

ஒப்ராத் வழுக்கையைத் தடவினார். "எனக்கும் லிப்ட் அஞ்சுலதாண்ணே நின்னுச்சு. எட்டிப் பார்த்ததும் அவரு இழுத்து உட்கார வெச்சுட்டாரு."

முதலில் சிரித்தது ரத்தோமிர்தான். அப்புறம் வீடே உருண்டது. நெவேனா அழுதுகொண்டே சிரித்தாள். "கேட்டதும் உண்மையைக் கொட்டிட்டீங்க, அது போதும். உள்ள வாங்க சம்பந்தி!" என்று ரத்தோமிர் வூக்கோட்டாவின் முதுகில் ஓங்கி அறைந்தார்.

தெசாங்கா மட்டும் சிரிக்கவில்லை. பொட்டலத்தைப் பிடித்தபடி நின்றாள். வூக்கோட்டாவுக்கு என்னவோ போலிருந்தது.

"மன்னிச்சிடும்மா. உன் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் நிஜமான ரகோவிட்சாக்காரர். அவரைப் போய் ஏமாத்திட்டோம்."

"அவரு சுபோட்டிட்சாக்காரருண்ணே" என்றாள் தெசாங்கா. "நாங்க இந்த ஊருக்குப் புதுசு. திருநாளுக்கு வர ஒருத்தரும் இல்ல. ரகோவிட்சாக்காரர் இல்லைன்னு சொன்னா நீங்களும் எழுந்து போயிடுவீங்கன்னுதான் இல்லாத நாயைப் பத்திக்கூடப் பேசினாரு."