ஒரு கிளிக்குப் பால் மறக்கடித்தேன்

நான் ஆறரை வாரம் தாயாக இருந்திருக்கிறேன். இதை நானாக வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அம்பத்தூரில் எங்கள் திருச்சபையைச் சேர்ந்த அத்தனை குடும்பத்துக்கும் இது தெரியும்.

கிளி வேண்டும் என்று கேட்டவள் என் மகள் அனிஷா. ஏழாம் வகுப்பு. "நானே ஊட்டுவேன், நானே கூண்டு கழுவுவேன், நீங்க திரும்பிக்கூடப் பார்க்க வேணாம்" என்று சத்தியம் செய்தாள். நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்த்தால் சட்டம் பிடிக்கும் என்பதால், கன்யூர் என்ற வெளிநாட்டுக் கிளியின் குஞ்சு ஒன்றை ஆவடியில் மொட்டை மாடியில் பறவை வளர்க்கும் சேகர் என்பவரிடம் வாங்கினோம். நாலு வாரக் குஞ்சு. பாதி உடம்பில் இறகு, பாதியில் வெறும் தோல். அதற்கு மேங்கோ என்று பெயர் வைத்துவிட்டு, மூன்றாம் நாள் "பரீட்சை வருதுப்பா" என்று அனிஷா விலகிக்கொண்டாள்.

என் மனைவி ஷீபா நர்ஸ். ஊட்டுவதில் அவளுக்கு இல்லாத அனுபவமா என்று நம்பி அவளைப் பார்த்தேன்.

"வார்டுல பத்துப் பேருக்கு ஊட்டிட்டு வரேன். வீட்ல கிளிக்கும் ஊட்டணுமா? நீங்கதான வீட்ல உக்காந்து வேலை பாக்குறீங்க" என்றாள்.

(வீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் வேலை பார்ப்பதில்லை என்பது எங்கள் முகப்பேர் முழுக்க உள்ள மனைவிமார்களின் ஒருமித்த கருத்து.)

ஆக, தாய்மை என் தலையில் விழுந்தது. சேகரின் உபதேசம் எனக்கு இன்றும் மனப்பாடம். "அண்ணாத்தே, மாவ வெந்நீல கரச்சி ஸ்பூன்ல குடு. வெதுவெதுன்னு இருக்கணும். சூடா குடுத்தா உள்ள வெந்துடும். ஆறிப்போனா செரிக்காம கய்த்தாண்ட பையிலயே நின்னுடும். தெனம் எடை போட்டுப் பாரு. எடை கொறஞ்சா எனக்குப் போன் பண்ணு, கூகுளாண்ட கேக்காத."

நான் கூகுளிடம் கேட்டேன். கேட்டதன் பலன், சூடு பார்க்கும் கருவி ஒன்று, சமையல்கட்டுத் தராசு ஒன்று, காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை ஐந்து வேளைக்கும் அலாரம். கருவியையும் நம்பாமல் ஒவ்வொரு ஸ்பூனையும் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பிறகு மணிக்கட்டையும் நம்பாமல் நாக்கில் வைத்துப் பார்த்தேன். (சிரித்தால் சிரியுங்கள், அந்த மாவு அவ்வளவு மோசமில்லை.) மேங்கோ கண்ணை மூடிக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டிச் சாப்பிடும். முடித்ததும் தலையை ஒரு உதறு உதறும். அலுவலக மீட்டிங்கில் என் மேலதிகாரி ஒருநாள், "உங்க மூக்குல ஏதோ காய்ஞ்சு ஒட்டியிருக்கு" என்று அக்கறையோடு சொன்னார்.

இதுவரை எல்லாம் சுகம். சிக்கல், மாமாவால் வந்தது.

என் மாமனார் ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் ராணுவ டாங்கிகளை அதட்டி ஓடவைத்துவிட்டு ஓய்வுபெற்றவர். சபைக்கு இப்போது அவர்தான் செயலாளர். அவர் சிரித்து நான் பார்த்தது எங்கள் கல்யாண ஆல்பத்தில் மட்டும், அதுவும் போட்டோக்காரர் கெஞ்சியதால். பெரிய வெள்ளியன்று எங்கள் ஆலயத்தில் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசுவார்கள். அதில் பேசக் கிடைப்பது சபையில் பெரிய மரியாதை. மருமகனாகப் பதினாலு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த வருடம் ஐந்தாம் வார்த்தை கிடைத்தது. தாகத்தைப் பற்றியது. மாமாதான் பரிந்துரைத்திருந்தார்.

"மாப்ள, உங்க பேரை நான் சொல்லியிருக்கேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். டாங்கி மேல் ஏறி நின்று சொன்னதுபோல் இருந்தது எனக்கு. சொதப்பினால் விழப்போவது என் மானம் இல்லை, அவருடையது.

மேங்கோவுக்கு மதியம் ஒரு மணிக்கு ஒரு வேளை. ஆராதனையோ பன்னிரண்டு முதல் மூன்று. குடும்பமே ஆலயத்தில் இருக்கும். அதனால் பெரிய வெள்ளிக்குள் அது தானாகச் சாப்பிடப் பழகிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பெரிய வெள்ளிக்கு முன் வரும் லெந்து என்ற நாற்பது நாள் நோன்பில் சபையில் ஆளாளுக்கு ஒன்றை விடுவார்கள். ஒருவர் காபியை விடுவார், ஒருவர் சீரியலை விடுவார். என் கிளி ஸ்பூனை விடட்டுமே!

ஐந்து வேளையை மூன்றாகக் குறைத்தேன். தட்டில் தினை வைத்தேன். மேங்கோ அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. கேரட் துருவி வைத்தேன். எடுத்து ஒவ்வொன்றாகக் கீழே போட்டு, விழும் சத்தத்தை ரசித்தது. குஞ்சுகள் தாயைப் பார்த்துத்தான் சாப்பிடக் கற்கும் என்று எங்கோ படித்தேன். தாய் நான்தானே? தரையில் முட்டிபோட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தட்டிலிருந்த தினையை வாயால் கொத்திக் காட்டினேன். மேங்கோ மிகுந்த ஆர்வத்தோடு பார்த்தது. நான் நிமிர்ந்ததும், வாயில் இருப்பதைக் கொடு என்று கத்தியது. அனிஷா எடுத்த வீடியோவுக்குக் குடும்பக் குழுவில் இன்றுவரை பதில் வந்துகொண்டிருக்கிறது.

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் என் மாமியார் போன் செய்தார்.

"இதுக்கா இவ்ளோ பாடு? வேப்பிலைய அரைச்சு ஸ்பூன்ல தடவுங்க. ஷீபாவுக்கே நான் அப்படித்தான் பால் மறக்கடிச்சேன். ஒரே நாள்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டா."

நாற்பது வருடத்துக்கு முன் என் மனைவியை வென்ற வழி என்றால் அதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது? (நான் எந்த வழியிலும் அவளை வென்றதில்லை.) கீழே போய்க் கொழுந்தாகப் பறித்து, அம்மியில்லாததால் மிக்ஸியில் அரைத்து, ஸ்பூன் முழுக்கப் பச்சையாகப் பூசி, மனசைக் கல்லாக்கிக்கொண்டு நீட்டினேன்.

மேங்கோ ஒரு நக்கு நக்கியது. நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தது. அப்புறம் ஸ்பூனின் முன்பக்கம், பின்பக்கம், பிடி, என் விரல் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டு இன்னும் வேண்டும் என்று இறக்கையை அடித்தது. மறுநாள் வேப்பிலை பூசாத ஸ்பூனை அது ஏற்றுக்கொள்ளவே இல்லை.

சேகருக்குப் போன் செய்தேன். மறுமுனையில் அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"வேப்பம்பயம்னா உசுர உடுற ஜாதி கிளி, அதுக்குப் போயி வேப்பெலய தடவுனியா? இன்னா அண்ணாத்தே நீ! பாயாசம் குடுத்துகினு பால மறக்கடிக்கப் பாக்குற!"

"இது வெளிநாட்டுக் கிளிதானே?"

"வெளிநாட்டுக்காரன் ஊட்டாண்ட வந்தா பிரியாணி துன்ன மாட்டானா?"

பெரிய வெள்ளி வந்தது. மேங்கோவின் எடை மட்டும் நன்றாக ஏறியிருந்தது. தானாக ஒரு தினைகூடச் சாப்பிட்டிருக்கவில்லை. தோளில் மாட்டும் பையில் காற்றோட்டமான ஒரு பெட்டி, பெட்டிக்குள் கிளி, பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், மாவு, ஸ்பூன். என் திட்டம் எளிமையானது. ஒரு மணிக்கு நாலாம் வார்த்தை நடந்துகொண்டிருக்கும். நைசாக எழுந்து பின்கட்டு அறைக்குப் போய் ஊட்டிவிட்டு வந்தால், ஒன்றரைக்கு என் முறை.

"வேணாங்க. நான் ஆராதனைக்கு வராம வீட்ல இருக்கேன்" என்றாள் ஷீபா.

"என் முதல் செய்தியை நீ கேக்க வேணாமா?" என்றேன். அவள் அப்போது என்னைப் பார்த்த பார்வையை நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

எங்கள் சபையில் மைக்கைப் பிடித்தவர் யாரும் நேரத்துக்கு முன் விட்டதாக எனக்கு நினைவில்லை. அன்று விட்டார்கள். இரண்டாமவர் தொண்டை கட்டி எட்டே நிமிடத்தில் இறங்கினார். நாலாமவர் வரவே இல்லை, ரயில் தாமதமாம். அவருக்குப் பதில் சபையை நடத்தும் ஆயரே இரண்டு வாக்கியம் பேசி ஜெபித்து முடித்தார். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்டது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஷீபாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடி ஜெபம் செய்தாள். எனக்காகத்தான் என்று நினைக்கிறேன். பையை முதல் பெஞ்சில் மாமாவின் காலடியில் வைத்துவிட்டு மேடை ஏறினேன். பையில் என்ன இருக்கிறது என்று மாமாவுக்குத் தெரியாது.

"அன்பான சபையாரே" என்றேன்.

முதல் பெஞ்சுக்கடியிலிருந்து கிரீச்சென்று ஒரு குரல் வந்தது.

நிறுத்தினேன். அதுவும் நிறுத்தியது. பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆறரை வாரமாக அந்தக் கிளிக்கு என் குரல் கேட்டால் சாப்பாடு வரும். இப்போது அதே குரல் நாலு ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. அதன் வாழ்நாளில் அவ்வளவு பெரிய சாப்பாட்டு அறிவிப்பை அது கேட்டதே இல்லை.

"தாகம் என்பது..." கிரீச். "உடலின் தாகம் மட்டுமல்ல..." கிரீச், கிரீச். கைக்குழந்தை வைத்திருந்த அம்மாக்களை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாக்கள் முதல் பெஞ்சைப் பார்த்தார்கள். முதல் பெஞ்சில் சபைச் செயலாளர், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில், காலுக்கடியில் ஏதோ வீறிட, நேராக என்னைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் காது மடல் சிவந்ததை நான் மேடையிலிருந்தே பார்த்தேன். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப்போய் இருமினார்கள். இருபது நிமிடச் செய்தியை மூன்று வாரம் எழுதியிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் மாமா எழுந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். நடு வழியாக, ஒரு அடி கூட வேகம் கூட்டாமல், கிரீச் கிரீச்சென்று வெளியே நடந்தார். நான் அடுத்த பக்கங்களை விட்டுவிட்டுக் கடைசி வரிக்குத் தாவி "ஆமென்" சொன்னேன். சபை அன்று சொன்னதுபோல் மனமார்ந்த ஆமென் எப்போதும் சொன்னதில்லை.

பாட்டு தொடங்கியதும் வெளியே ஓடினேன். ஆராதனை முடிந்து சபையாருக்கு ஊற்றுவதற்காகப் பின்பக்கம் பெரிய அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா. அவர் கையில் ஒரு தொன்னை. அவர் மணிக்கட்டில் மேங்கோ. அவர் கஞ்சியை ஊதி, ஒரு வாய் தான் குடித்துச் சூடு பார்த்து, தொன்னையை அதன் முன்னால் பிடித்தார். மேங்கோ குனிந்து, தன் அலகால், தானாக, ஒரு பருக்கையை எடுத்து மென்றது. இன்னொன்று எடுத்தது.

பெரிய வெள்ளியன்று மூன்று மணி வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத மனிதர் அவர்.

"உப்பு போடல, மாப்ள. கேட்டுட்டேன்" என்றார் என்னைப் பார்க்காமல்.

"மன்னிச்சிருங்க மாமா. உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

"பசிச்சா கத்தத்தான் செய்யும். அது என்ன, சபை ஒழுங்கு படிச்சிருக்கா?" தொன்னையைச் சற்றுச் சாய்த்துக் கொடுத்தார். "நீங்க ஸ்பூனை வாய்க்குள்ள கொண்டுபோனா அது எதுக்குக் குனியும்? ஒரு எட்டு தள்ளிப் பிடிக்கணும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பொறாமையாக இருந்தது. அலாரம் வைத்து எழுந்தவன் நான், நாக்கைச் சுட்டுக்கொண்டவன் நான், தரையில் கொத்தியவன் நான். அது போய் முதல் வாயை மாமா கையிலா சாப்பிட வேண்டும்? "மேங்கோ" என்று கூப்பிட்டேன். அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, கத்தவில்லை, மறுபடி கஞ்சிக்குக் குனிந்தது. அன்றோடு என்னிடம் ஸ்பூன் கேட்பதை நிறுத்திவிட்டது. இரண்டு நாள் ஒரு மணிக்கு நான் மாவைக் கரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் ஷீபா பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அடுத்த வருடப் பட்டியலில் என் பெயர் இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. கஞ்சி ஊற்றும் குழுவில் இருக்கிறது. சொந்தங்கள் கூடும் இடத்தில் யாராவது பேச்சை இழுத்தால் மாமியார், "கிளிக்குப் பசிக்குதுப்பா" என்பார். பேசுகிறவர் உடனே உட்கார்ந்துவிடுவார். இது சபைக்கும் பரவி, கமிட்டிக் கூட்டம் வரை போய்விட்டது என்று கேள்வி.

போன மாதம் ஆயர், மாமாவோடு எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்தார். எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடினோம். ஜெபம் தொடங்கவில்லை. திறந்து பார்த்தால் ஆயர் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சாப்பிட்டாச்சா?" என்றார்.

மாமா கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். "ஆச்சு ஐயா. நீங்க தைரியமா ஆரம்பிக்கலாம். மாப்ள வாயைத் திறக்காம நான் பாத்துக்கறேன்."