எலீஸுக்கு வந்த வியாதி

நோய்நொடி ஒன்றும் இல்லாத ஒன்பது வயதுக் குழந்தையை மீன் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய், ஆஸ்பத்திரி அவசர வார்டில் படுக்க வைத்தவள் நான். அந்தக் குழந்தை என் குழந்தையும் இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மனசுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கிறது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயசு. தாவரவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் சும்மா இருந்தேன். (சும்மா என்றால் அம்மாவின் கணக்கில் சும்மா. தண்ணி பிடிப்பது, துணி துவைப்பது, ரேஷன் கடையில் நிற்பது எல்லாம் அந்தச் சும்மாவில் அடக்கம்.) வருகிற தை மாசத்துக்குள் ஒரு வேலை, இல்லையென்றால் ஒரு மாப்பிள்ளை என்று அம்மா கெடு வைத்திருந்தாள். கடலூரில் ஒரு மாப்பிள்ளை தயாராகவே இருந்தார். போட்டோவில் பார்த்தேன். வேலை தேட ஆரம்பித்தேன்.

அந்த நேரத்தில்தான் அந்துவான் மாமா ஒரு சேதி கொண்டுவந்தார். மாமா என் அக்கா ரீத்தாவின் வீட்டுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு நாற்பது வயசுக்குள் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். ராணுவம் என்றதும் துப்பாக்கியை நினைத்துக்கொள்ள வேண்டாம். மாமா இருந்தது சமையல்கட்டில். பதினைந்து வருஷமும் உருளைக்கிழங்குதான் அவருக்கு எதிரி.

"கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வந்திருக்கு. வீட்டுக்கார முசியே பழைய கட்டடமெல்லாம் புதுப்பிக்கிறாரு. ரெண்டு வருஷம் இருப்பாங்க. பொண்ணுக்கு சாயங்காலம் பாடத்துல ஒத்தாசையா இருக்க ஆள் தேடுறாங்க. பிரெஞ்சு தெரிஞ்சிருக்கணும். உனக்குத்தான் தெரியுமே ஸ்டெல்லா?"

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு இரண்டு வகை. ஒன்று, கல்லூரியில் இரண்டாவது மொழியாக எடுத்து, கேள்வி பதிலை அப்படியே நெட்டுருப் போட்டு எழுதியது. இன்னொன்று, அக்கா வீட்டில் மாமா சமைக்கும்போது போடுகிற சத்தம். கொதிக்கிற குழம்போடு நடந்தால் 'ஷோ தெவான்!' என்பார், வழி விடு, சூடு வருது என்று அர்த்தம். வெங்காயம் நறுக்க நேரமானால் 'ப்லூ வித்!', சீக்கிரம். இந்த மூலதனத்தோடு நான் நேர்காணலுக்குப் போனேன்.

மதாம், அதாவது அந்தப் பிரெஞ்சு வீட்டம்மா, உயரமாக, மெலிந்து, பல நாள் சரியாகத் தூங்காதவர் மாதிரி இருந்தார். பிரெஞ்சு தெரியுமா என்று கேட்டார். அந்தக் கேள்வி பாடப்புத்தகத்தில் உண்டு. "உய் மதாம், த்ரே பியான்" என்று சொன்னேன். தெரியும், நன்றாகவே தெரியும். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி அரைமணி நேரம் பேசினார். நான் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் "உய் மதாம்" சொன்னேன். வாக்கியம் எங்கே முடிகிறது என்பதையும் அவர் மூச்சு வாங்குவதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

நடுவில் அவர் குரல் கம்மியது. "எலீஸ் திஸ்லெக்சிக்" என்றார். கண் கலங்கியிருந்தது. ஏதோ பெரிய வியாதி என்று புரிந்தது. நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்தேன். மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது.

(இரண்டு பேரும் உடைந்த இங்கிலீஷில் பேசியிருந்தால் அன்றைக்கே எல்லாம் தெளிவாகியிருக்கும். என் பிரெஞ்சை நம்பி அவரும் கேட்கவில்லை. என் பிரெஞ்சைக் காப்பாற்ற நானும் கேட்கவில்லை.)

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, திஸ்லெக்சிக்னா என்ன?"

மாமா தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"எபிலெப்திக்னா காக்காவலிப்பு. அஸ்மாத்திக்னா இழுப்பு. தியாபெத்திக்னா சர்க்கரை. எல்லாம் 'இக்'குல முடியுது பாத்தியா? இதுவும் அந்தக் குடும்பம்தான். இன்னும் என்ன சொன்னாங்க?"

காதில் விழுந்த நாலு வார்த்தையைச் சொன்னேன். ஃபத்திகே, தெத், அரெத்தே, தூத் சுவித்.

"ஃபத்திகேன்னா களைப்பு. தெத்னா தலை. அரெத்தேன்னா நிறுத்துறது, நின்னுபோறது. தூத் சுவித்னா உடனே." மாமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "களைப்பாயிட்டா தலைக்கு ஏறி, உடனே நின்னுடும்னு சொல்லியிருக்காங்க."

"எது மாமா நின்னுடும்?"

"வேற எது? மூச்சுதான்."

அக்கா மட்டும், "ஏங்க, அந்த மதாமையே இன்னொரு தரம் கேட்டா என்ன?" என்றாள். கேட்டால் வேலை போய்விடும், கடலூர் வந்துவிடும் என்றேன். அக்காவும் அந்தப் போட்டோவைப் பார்த்தவள்தான்.

அடுத்த மூன்று வாரம் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினேன். என் உயிரை இல்லை, எலீஸின் உயிரை. அவள் துருதுருவென்று, முன்பல் ஒன்று பாதி முளைத்து, முட்டியில் எப்போதும் ஒரு சிராய்ப்போடு இருப்பாள். ஓடும்போதும் குதிக்கும்போதும் ஒன்றும் ஆகாது. புத்தகத்தைத் திறந்தால்தான் முகம் வாடிப்போகும். ஒரு வரி படிக்க ஐந்து நிமிஷம். ஒரு எழுத்தை அதன் மறுபக்கமாகப் பார்ப்பாள். இப்போது படித்த வார்த்தையை அடுத்த வரியில் அடையாளம் தெரியாமல் முழிப்பாள். வியாதி மூளைக்கு ஏறுகிறது என்று நினைத்துக்கொள்வேன். செல்லம் கொஞ்சுகிற மாதிரி அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பேன். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது. துடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன்.

கொட்டாவி விட்டால் போச்சு. உடனே புத்தகத்தை மூடிவிடுவேன். தோட்டத்துக்குக் கூட்டிப்போய் இலை, பூ, விதை என்று எனக்குத் தெரிந்த தாவரவியலைக் காட்டுவேன். இரண்டாவது வாரத்திலேயே எலீஸ் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு கொட்டாவி வர ஆரம்பித்தது. வியாதி முற்றுகிறது என்று நான் மாமாவிடம் அழுதேன். மாமா எலுமிச்சம்பழம் ஒன்று கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. மதாம் ஏதோ விசா காகித வேலையாக விடிகாலையிலேயே சென்னைக்குப் போய்விட்டார். முசியே காரைக்காலில். மத்தியானம் வரைக்கும் வேலைக்காரம்மா இருந்தார். அவர் போனதும் வீட்டில் நானும் எலீஸும்தான். மதாம் கிளம்பும் முன்பு எழுதிவைத்திருந்த ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க வேண்டும். அம்மாவுக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்று எலீஸும் பிடிவாதமாக இருந்தாள். கொட்டாவியே விடவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டரை மணி இருக்கும். பாதிப் பக்கத்தில் நெற்றியைத் தேய்த்தாள். தலை வலிக்கிறது என்றாள், தெத் என்ற வார்த்தை கேட்டது. அப்புறம் "ஃபத்திகே" என்றாள். சொல்லிவிட்டு மேசையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

களைப்பு. தலை. அடுத்தது நிற்க வேண்டியதுதான் பாக்கி.

எலுமிச்சம்பழத்தை மூக்கில் தேய்த்தேன். முகத்தைச் சுளித்தாள், கண்ணைத் திறக்கவில்லை. எனக்கு அதற்கப்புறம் மூளை வேலை செய்யவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் இறங்கினேன். "ஷோ தெவான்! ஷோ தெவான்!" என்று கத்தினேனாம், எலீஸ் பின்னால் சொன்னது. வழிவிட அங்கே யாரும் இல்லை.

புதுச்சேரியில் மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் கடைக்காரர்கூடத் தூங்குவார். தெருவில் ஒரு ஆட்டோ இல்லை. ஒன்பது வயசுக் குழந்தை அவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முனையில் ஒரு ஆட்டோ வந்தது. உள்ளே வைத்திக்குப்பத்து அம்மா ஒருவர் விற்றது போக மிச்ச மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா ஆச்சு கொயந்தைக்கு?"

"மூச்சு நிக்கப்போவுதும்மா!"

அந்த அம்மா உடனே நகர்ந்து இடம் விட்டார். கூடையைக் காலுக்கடியில் தள்ளி, எலீஸை வாங்கி மடியில் கிடத்தி, "வுடுடா வண்டிய!" என்று டிரைவர் முதுகில் ஒரு குத்து விட்டார். மீன் வாசனையிலோ என்னவோ, எலீஸ் கண்ணைத் திறந்துவிட்டாள். அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள், கூடைக்குள் பார்த்தாள். முகமெல்லாம் சந்தோஷம். கடைசி நேரத்தில் விளக்கு பிரகாசமாக எரியும் என்பார்களே, அது இதுதான் என்று நான் இன்னும் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளை வாங்கிக்கொண்டு உள்ளே போனதும், எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். முதலில் மாமாவுக்கு. அப்புறம் மதாமின் செல்போனுக்கு. வாயில் வந்த பிரெஞ்சு மூன்றே வார்த்தை.

"மதாம்! எலீஸ் அரெத்தே! ஒப்பித்தால்!"

எலீஸ் நின்றுவிட்டாள், ஆஸ்பத்திரி. அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. மனுஷச் சத்தம் மாதிரி இல்லை. லைன் கட்டாகிவிட்டது.

திரும்பி ஓடிவந்தால் எலீஸ் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா அவள் கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கொழந்தைக்கு என்ன?"

"திஸ்லெக்சிக் மேடம். களைப்பானா மூச்சு நின்னுடும்."

"என்னது?"

மறுபடி சொன்னேன். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். எலீஸிடம் இங்கிலீஷில் என்ன செய்கிறது என்று கேட்டார். எலீஸ் தனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில், தனக்கு ஒன்றும் இல்லை, இந்த அக்காவுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று என்னைக் காட்டினாள்.

"இதப் பாரும்மா," என்றார் டாக்டரம்மா நிதானமாக. "டிஸ்லெக்சியான்னா எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுல சிரமம். புத்திசாலிக் கொழந்தைங்களுக்கும் இருக்கும். அதுக்குன்னு தனியா சொல்லிக்குடுக்கிற முறை இருக்கு. அதிக நேரம் படிச்சா தலை வலிக்கும். புஸ்தகத்த மூடி வெச்சா சரியாப்போயிடும். அவசர வார்டு வேணாம்."

மதாம் உடனே நிறுத்தச் சொன்னது பாடத்தை, மூச்சைப் பற்றி அவர் பேசவே இல்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ஒரு நிமிஷம்தான். அப்புறம் பூத்தில் நான் பேசின மூன்று வார்த்தை ஞாபகம் வந்தது.

திரும்ப ஓடினேன். மதாம் செல்போன் கிடைக்கவில்லை. அவர் டாக்சியில் ஏறிவிட்டார், வழியில் சிக்னல் இல்லை என்று பின்னால் தெரிந்தது. எட்டு முறை போட்டேன். எட்டு முறையும் அந்த ரெக்கார்ட் குரல்தான். ஒரு தாய் தன் பிள்ளை செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் காரில் வருகிறாள், அவளிடம் சொல்ல வழியில்லை. அந்த மூன்று மணி நேரம் நான் பட்ட பயத்தைச் சிரிப்பாகச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வரவில்லை.

நடுவில் மாமா வந்து சேர்ந்தார். "மூச்சு வந்துடுச்சா?" என்று வார்டு முழுக்கக் கேட்டுவிட்டு, நர்ஸ் கொடுத்த பிஸ்கட்டை எலீஸோடு பங்கு போட்டுச் சாப்பிட்டார். "நீ கவலப்படாத. மதாம்கிட்ட நான் பேசிக்கிறேன். பதினஞ்சு வருஷம் பேசுன பாஷை" என்று தைரியம் சொன்னார். வாசலில் டாக்சி வந்து நின்றதும், ஸ்கூட்டரை நிழலில் விட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். அப்போது மணி ஆறு. வெயிலே இல்லை.

மதாம் வாசலில் எலீஸைப் பார்த்ததும் நடக்கவில்லை. அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். எலீஸ் ஓடிப்போய், மீன் ஆட்டோவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவளைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு மதாம் என்னை நிமிர்ந்து பார்த்தார். மனப்பாடம் பண்ணின பாடத்திலிருந்து ஒரு வாக்கியம் பிழையில்லாமல் வந்தது.

"மதாம், ழு நெ கொம்ப்ரான் பா லெ ஃப்ரான்சே." எனக்குப் பிரெஞ்சு புரியாது.

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போ என்று மட்டும் சொன்னார். அது எனக்கு முழுசாகப் புரிந்தது.

மூன்று நாள் நான் வீட்டில் மறுபடியும் சும்மா இருந்தேன். அம்மா கடலூருக்குப் போன் போட்டாள். நாலாவது நாள் காலையில், எங்கள் தெருவில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மதாம் எலீஸைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். இந்தத் தடவை இங்கிலீஷில், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்.

அவர்கள் ஊரில் இந்தமாதிரிப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு முறை ஒரு அம்மா சொல்லிக்கொடுத்தாராம், செலவெல்லாம் அரசாங்கம். இங்கே வந்து ஆறு மாசம் தேடியிருக்கிறார். சென்னையில் கிடைத்தவருக்குப் பிரெஞ்சு தெரியாது. அங்கேயிருந்து ஒருவரை வரவழைக்கிற வசதி அவர்களுக்கு இல்லை. எனக்கு முன்னால் இரண்டு டியூஷன் வாத்தியார்கள் வந்து, ஒருவர் சோம்பேறி என்றும் ஒருவர் செல்லம் கொடுத்துக் கெடுத்த பொண்ணு என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"இவளுக்கு நெஜமாவே ஒரு கஷ்டம் இருக்குன்னு நம்பினது நீ ஒருத்திதான்" என்றார் மதாம். கொஞ்சம் நிறுத்தி, "ரொம்ப அதிகமா நம்பிட்ட. இனிமே கொஞ்சம் கம்மியா நம்பு."

தினமும் ஒரு மணி நேரம் அவர் எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பது, அவர்கள் ஊர் அம்மா தபாலில் அனுப்புகிற பயிற்சிகளை நான் எலீஸுக்குச் செய்வது என்று ஏற்பாடாயிற்று. மணலில் எழுதினோம், மாவில் எழுத்து பிசைந்தோம், இலைகளுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டினோம். இரண்டு வருஷம் முடியும்போது எலீஸ் வேகமாகப் படித்தாள் என்று பொய் சொல்லமாட்டேன். பயப்படாமல் படித்தாள். கடலூர் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது.

அப்புறம் நான் அதற்கென்றே படித்து, இருபது வருஷமாக இந்தப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். புதுசாக வருகிற அப்பா அம்மாவிடம் எல்லாம் விளக்கிச் சொல்லிவிட்டு, தலையாட்டினால் விடமாட்டேன். "நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க" என்பேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளையாவது பரீட்சை நேரத்தில் தலைவலி என்று புத்தகத்தை மூடினால், "மீன் ஆட்டோ கூப்பிடவா?" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். மாமா மட்டும் அதில் சேரமாட்டார். டாக்டரம்மா சொன்னதை அவர் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. போன மாசம் என் தம்பி மகள் ஞானஸ்நான விருந்தில், பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று புது சம்பந்தி ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஸ்டெல்லா சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்? நான்தான் மொதல்லயே கண்டுபுடிச்சேன். சரியான நேரத்துல கொண்டுபோனோம், புள்ள பொழைச்சுக்கிச்சு."