ஒரு வெள்ளைக் குதிரை, மூன்று விளம்பரம்

"முதலாளி, திங்கக்கிழமை ஆடிட்டு. இந்தக் குதிரைய என்ன பண்றதுங்க?"

மருதம்மாள் கேட்டதும் சிவபிரகாஷ் சுவர்க் காலண்டரை நிமிர்ந்து பார்த்தார்.

அவிநாசிபாளையத்தில் நாற்பது மிஷின் போட்டு டி-ஷர்ட் தைக்கிற மனுஷனுக்குக் குதிரை எதற்கு என்று நீங்களும் கேட்காதீர்கள். அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு வேடிக்கை பார்க்கப் போனார், வெள்ளையாய் நின்றது, வாங்கிவிட்டார். ஒரே ஒருமுறை ஏறினார், மறுபக்கமாக விழுந்தார். அன்றிலிருந்து அது கம்பெனிக்குப் பின்னால் தகர ஷெட்டில்தான். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதிக்க அனுப்புகிற ஆடிட்டர், தையல் கூடத்துக்குப் பக்கத்தில் மிருகத்தைப் பார்த்தால் ஆர்டர் கேன்சல். இருப்பது ஒரே ஆர்டர். அதுவும் போனால் கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான்.

"ஆன்லைன்ல போட்டுத் தள்ளி உட்ருங்க," என்றார் மருதம்மாள். செக்கிங் பிரிவில் மூத்தவர். முதலாளிக்கே யோசனை சொல்லும் உரிமை உண்டு.

சனிக்கிழமை காலை குதிரையைப் போட்டோ எடுத்து மிச்சத் துணி விற்கிற ஸ்டாக் லாட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். திருப்பூர்க்காரருக்கு விற்பதென்றால் வேறென்ன தோன்றும்?

"எத்தன பீஸ் இருக்குங்க?"

"ஒண்ணுதானுங்க."

"சைஸ் மிக்ஸ் இல்லீங்களா?"

"சாம்பிள் அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றோம்."

தலையில் அடித்துக்கொண்டார். சாயங்காலம் ஷெட்டில் இரண்டு குதிரைகள் நின்றன.

"யாரோ கொண்டாந்து கட்டீட்டுப் போயிருக்கறாங்க," என்றார். ஆனால் இரண்டும் அச்சு அசல் ஒன்று. புதியது வாயின் ஓரத்தில் ஒரு சோளத்தட்டைக் கவ்வியிருந்தது. மெல்லவில்லை. போட்டோ எடுத்தபோது பழையதும் அதே மாதிரி கவ்வியிருந்தது.

"புதுசு, தண்ணி வெச்சாக் குடிக்க மாட்டீங்குதுங்க. லத்திகூடப் போடலீங்க," என்றார் மருதம்மாள், குரலைத் தாழ்த்தி.

அன்றைக்கே, பழைய பைக்கும் சோபாவும் விற்கிற வெப்சைட்டுக்குத் தாவினார். ஆடுமாடு பிரிவில் போட்டால், பால் எத்தனை லிட்டர் என்று கேட்டு அடம்பிடித்தது. கடுப்பாகி டூ வீலர் பிரிவில் போட்டார்.

"சிங்கிள் ஓனருங்களா?"

"எத்தன கிலோமீட்டர் ஓடீருக்குங்க?"

ஞாயிறு காலை மூன்று குதிரைகள். மூன்றாவதன் வாயிலும் அதே சோளத்தட்டு. மூன்றும் ஒரு சேர அவரைப் பார்த்தன. சிவபிரகாஷ் பேய் பிசாசை நம்பாதவர்தான். இருந்தாலும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"சரியான எடத்துல போடாததுதான் தப்பு. குதிரைக்காரங்க குரூப்புல போட்டா ஒரே நாள்ல மூணும் போயிரும்," என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார்.

ஃபேஸ்புக்கில் அப்படி ஒரு குரூப் இருந்தது. அதன் அட்மின் கறாரானவர். "வெறுங் குதிரையப் போட்டா யாரும் நம்ப மாட்டாங்க. ஓனர் கூட நிக்கோணும்."

மருதம்மாள்தான் போட்டோ எடுத்துக் கொடுத்தார். கட்டம் போட்ட சட்டை, வலது கையில் கயிறு, வராத சிரிப்பு. மத்தியானமே போட்டாயிற்று.

திங்கள் காலை சிவபிரகாஷ் கண் விழித்தபோது ஷெட்டில் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் கயிறு. ராத்திரி ஊட்டுக்குப் போனோமா இல்லையா என்றே நினைவில்லை. கவலை வந்தால் மனுஷன் நின்றுகொண்டேகூடத் தூங்குவான் போலிருக்கிறது! பசி இல்லை. காபி நினைப்புகூட வரவில்லை. எண்ணிப் பார்த்தார். குதிரைகள் நான்கு.

மணி ஒன்பதரை. பத்துக்கு ஆடிட்டர்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வெப்சைட்டில் ஒருவன், "அண்ணா, வண்டி வீலிங் பண்ணுமா?" என்று கேட்டிருந்தான்.

"போடா, நீயும் உன்ற வீலிங்கும்!" என்று கத்தி அந்த விளம்பரத்தையே அழித்தார்.

சத்தமே இல்லை. ஒரு குதிரை நின்ற இடத்தில் கயிறு மட்டும் தொப்பென்று விழுந்தது.

குனிந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் புரிந்தது. அவசரமாக வாட்ஸ்அப்பைத் திறந்து அதையும் அழித்தார். இன்னொன்றும் காணோம்.

"அட சாமி! இவ்வளவுதானா!" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்பெனி பிழைத்தது. இன்னும் ஒரே ஒரு விளம்பரம். அதையும் அழித்தால் மிஞ்சுவது அசல் குதிரை மட்டும். அதை ஓட்டிப் போய்த் தென்னந்தோப்பில் கட்டிவிடலாம்.

ஃபேஸ்புக்கைத் திறந்தார். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. கட்டை விரலைக் கொண்டுபோனார்.

அவர் போனை அமுக்க அமுக்கக் குதிரைகள் மறைவதை ஆபீஸ் ஜன்னல் வழியே பார்த்த மருதம்மாள், அப்போது மூச்சிரைக்க ஓடிவந்தார். அவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று, கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க, அத மட்டும் அமுக்கீராதீங்க... எங்க முதலாளி ஆபீஸ்ல, முன்னாடியே வந்துட்ட ஆடிட்டரோட டீ குடிச்சுட்டு இருக்கறாருங்க. நீங்க, நான் எடுத்த போட்டோவுல கயித்தப் புடிச்சுட்டு நின்னவருங்க!"